பார்ப்பதற்கும் கூலி உண்டு

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "வண்டி நல்லாத்தான் ஓடுது, வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணி மட்டும் ஊத்திக்கணும், அவ்வளவுதான்." இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுபவர்கள். புதிய காருக்குத் தவணை கட்ட மனமோ வசதியோ இல்லாமல், 25, 30 வருடத்து மாருதியையும் ஃபியட்டையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறவர்கள். "அவ்வளவுதான்" என்ற அந்தக் கடைசிச் சொல்தான் எனக்கு உடன்பாடில்லாதது.

வாரம் ஒரு தடவை தண்ணீர் கேட்கும் வண்டி நன்றாக ஓடும் வண்டி அல்ல. எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை எங்கே என்று தெரியாமல் பட்டறைக்குப் போகிறோம், எங்கே என்று பார்க்காமலேயே பட்டறைக்காரரும் எதையாவது மாற்றுகிறார். இதில் மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பது என் கருத்து. பாகத்துக்குக் காசு கொடுக்கும் நாம், பார்ப்பதற்குக் காசு கொடுப்பதில்லை. கோளாறின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் தண்ணீர் ஏன் குறையக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். காரின் குளிர்விப்பு என்பது திறந்த பானை அல்ல, மூடிய குக்கர். எங்கள் பிரெஞ்சு வழிப் பள்ளியில் பௌதிக வகுப்பில் தெனி பாப்பேன் என்ற பெயரைச் சொல்லாமல் நீராவிப் பாடம் தொடங்காது. பிரான்சில் பிறந்த அந்த மனிதர் 1679இல் லண்டனில் ராயல் சொசைட்டியாரிடம் காட்டிய மூடிய பாத்திரம்தான் நம் வீட்டுக் குக்கருக்கு மூத்த பாட்டன். ரேடியேட்டர் மூடியும் அதே குடும்பம்தான். அதன் தலையில் 0.9 என்று அச்சடித்திருந்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.9 கிலோ அழுத்தம் வரை உள்ளே பிடித்து வைக்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 118 டிகிரி வரை தாங்கும். கூலண்ட் கலந்தால் இன்னும் சற்று அதிகம்.

அழுத்தம் கூடினால் மூடியிலுள்ள ஸ்பிரிங் வழிவிட்டு, கொஞ்சம் திரவத்தைப் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்கு அனுப்பும். இன்ஜின் ஆறியதும் அதே திரவம் உறிஞ்சப்பட்டுத் திரும்ப வந்துவிடும். போனது வந்துவிடுகிற கணக்கு இது. ஆகவே டப்பாவில் மட்டம் வாராவாரம் இறங்கினால், கணக்கில் எங்கோ துண்டு விழுகிறது என்றுதான் அர்த்தம். ஓட்டை இருந்தால் திரவம் மட்டுமல்ல, அழுத்தமும் போய்விடும். அழுத்தம் போனால் கொதிநிலை இறங்கும். சித்திரை வெயிலில் திண்டிவனம் சாலையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போதுதான் அது தன் வேலையைக் காட்டும்.

பாண்டிச்சேரியில் அந்தக் காலத்தில் தெஷ்வோ எனப்படும் சித்ரோவன் கார்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு ரேடியேட்டரே கிடையாது, காற்றிலேயே குளிரும் இன்ஜின். அந்த ஒரு வண்டிக்காரருக்கு மட்டும்தான் இந்தக் கட்டுரை தேவையில்லை!

தண்ணீர் குறைகிறது என்று பட்டறைக்குப் போனால் பொதுவாக மூன்றில் ஒன்று நடக்கும். ஒன்று, ஒழுகலை அடைக்கும் பொடியையோ மருந்தையோ ஊற்றுவார்கள். லாரிக்காரர்கள் வழியில் மஞ்சள் தூள் போடுவதும் இதே வைத்தியம்தான். வீடு வந்து சேர உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டையை அடைக்கிற பொடிக்கு ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது. இரண்டையும் அடைக்கும். இரண்டாவது, ஹோஸ், மூடி, ரேடியேட்டர் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவார்கள், எதில் நிற்கிறதோ அதில் நிற்கட்டும் என்று. மூன்றாவது, பானெட்டைத் திறந்த இரண்டாவது நிமிடமே "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

என்னுடைய 1996 மாடல் மாருதி 800க்கு ஒரு பட்டறையில் இந்த மூன்றாவது தீர்ப்புத்தான் கிடைத்தது. ஹெட்டைக் கழற்ற வேண்டும், லேத்துக்குப் போக வேண்டும், எல்லாம் சேர்ந்து 22,000 ரூபாய் என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "கீழே ஒழுகல இல்ல சார், அப்ப உள்ளதான் போகுது" என்றார் அந்தத் தம்பி. 34 வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன் நான். அறிக்கை இல்லாமல் செலவுக்கு ஒப்புதல் கேட்டு ஒரு கோப்பு வந்தால், மேலே அனுப்பாமல் வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு இன்ஜின் வேலை தெரியாது. ஆனால் ஒன்றைத் தேடுவது எப்படி என்று எங்களுக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தேகார்த் 1637இல் வெளியிட்ட நூலில் நான்கு விதிகள் வருகின்றன. எங்கள் முசியே அவற்றை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லி, தப்பினால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். என் தமிழில் சொன்னால் இப்படி வரும்: தெளிவாகக் காணாத எதையும் உண்மையென்று ஏற்காதே. பெரிய சிக்கலைச் சிறு துண்டுகளாகப் பிரி. எளிதானதில் தொடங்கிக் கடினமானதுக்குப் போ. எதுவும் விடுபடவில்லை என்று உறுதியாகும் வரை எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார். கார் ஒழுகலைத் தேட இதைவிட நல்ல கையேட்டை நான் பார்க்கவில்லை.

தேடத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். குக்கர் வெயிட்டைப் பிடுங்குவதைவிட மோசமானது அது, முகமும் கையும் வெந்துவிடும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் திறப்பதே உத்தமம்.

பிரிப்பது எப்படி? ஒழுகல் வெளியே போகிறதா, உள்ளே போகிறதா என்பதுதான் முதல் பிரிவு. டப்பாவின் மட்டத்தை ஒரு கோடு போட்டுக் குறித்து, தேதி, கிலோமீட்டர், மட்டம் என்று நோட்டில் எழுதுங்கள். இரவில் வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஏ.சி. வண்டியாக இருந்தால் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் விழும், அது வெறும் தண்ணீர். கூலண்டுக்கு நிறம் இருக்கும், விரலில் வழுவழுக்கும், ஒருவிதத் தித்திப்பு வாசனை அடிக்கும். முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நாக்கில் வைக்காதீர்கள். பல கூலண்டுகளில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். தித்திப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிவிட்டுச் சாகும். கீழே சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

தாளில் சொட்டு விழவில்லை என்பதால் வெளி ஒழுகல் இல்லை என்று ஆகிவிடாது. அந்தத் தம்பி சறுக்கிய இடம் அதுதான். சூடான இன்ஜின் உடம்பில் சொட்டும் திரவம் தரைக்கு வருமுன்னே ஆவியாகிவிடும். ஆனால் சாட்சி விட்டுப் போகும். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தது போல் ஒரு தடம் காய்ந்து கிடக்கும். டார்ச்சு விளக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு அந்தத் தடத்தைத் தேட வேண்டும். நனைந்த இடம் வேறு, ஓட்டையான இடம் வேறு. திரவம் மேலிருந்து கீழே வழியும், ஃபேன் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். எனவே தடத்தின் மிக உயரமான புள்ளி எதுவோ அங்கேதான் நம் திருடன் இருப்பான்.

எளிதானதில் தொடங்கு என்றால், மூடியின் ரப்பர் வளையம் முதலில். பிறகு டப்பாவுக்குப் போகும் சின்னக் குழாய். பிறகு மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், அவற்றின் கிளாம்ப்புகள். ஹோஸை ஆறிய பிறகு அமுக்கிப் பார்த்தால், கல் போல் இறுகியிருந்தாலும் ஆபத்து, சேறு போல் குழைந்தாலும் ஆபத்து. அடுத்து ரேடியேட்டரின் ஓரங்கள், தெர்மோஸ்டாட் கூடு, வாட்டர் பம்ப். பம்ப்பில் வேண்டுமென்றே ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியே சொட்டி நமக்குத் தகவல் சொல்லும். எம்-சீல் வைத்து அந்தத் துளையை அடைத்த மகானுபாவர்களையும் பார்த்திருக்கிறேன். அது தந்தியைப் படிக்காமல் கிழித்துப் போடுவது போல. ஹீட்டர் உள்ள வண்டியானால் முன்சீட்டுக் காலடியில் விரிப்பு நனைந்திருக்கிறதா, கண்ணாடி உள்பக்கம் பிசுபிசுப்பாகப் பனிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் நாமே பார்க்கலாம். இதற்குமேல் ஒரு கருவி வேண்டும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆளும் வேண்டும். சைக்கிள் பம்பு போன்ற ஒரு கைப்பம்பு, அதில் ஒரு மானி. ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக அதை மாட்டி, மூடியில் அச்சடித்த அளவு வரை அழுத்தம் ஏற்றி, முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முள் நின்றால் நல்லது. இறங்கினால் ஓட்டை உண்டு. இன்ஜின் ஆறியிருக்கும்போதே, கை சுடாமல், ஓட்டையைச் சொட்ட வைக்கும் கருவி இது. மூடியைத் தனியே சோதிக்கவும் இதில் வழி உண்டு.

முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு பாய் இந்தக் கருவியை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அறுபதைத் தாண்டியவர். வண்டியை நிறுத்தி, நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "இப்படி எழுதிக்கிட்டு யாரும் வர்றதில்ல சார்" என்றார். பம்பை மாட்டினார். முள் மெதுவாக இறங்கியது. எங்கும் ஈரமில்லை. ஏழெட்டு நிமிடம் கழித்து, இன்ஜினுக்கும் உள்கூட்டுச் சுவருக்கும் நடுவே கண்ணாடியை நீட்டி, "பாருங்க சார்" என்றார். ஹீட்டருக்குப் போகும் ஹோஸின் நுனியில், கிளாம்ப்புக்கு அடியில், தலைமுடி அளவு வெடிப்பு. அதிலிருந்து ஒரு மணி போல் திரவம் திரண்டு நின்றது. அழுத்தம் இருந்தால்தான் வாயைத் திறக்கும் வெடிப்பு அது. மற்ற நேரம் சாது.

ஹோஸும் இரண்டு கிளாம்ப்பும் 400 ரூபாய். கூலண்ட் 450. கூலி 500. தேடிக் கண்டுபிடித்ததற்கு எவ்வளவு என்று கேட்டபோது பாய் சிரித்தார். "அதுக்கு என்னத்த வாங்கறது சார்?" என்றார். நான் 300 ரூபாயைத் தனியாகக் கையில் வைத்தேன். அப்போது அவர் சொன்னது இது: "ரெண்டு மணி நேரம் தேடி ஒரு கிளாம்ப்ப டைட் பண்ணிக் குடுத்தா, இதுக்கா காசுன்னு கேக்கறாங்க. பத்தாயிரத்துக்கு பார்ட் மாத்தினா ஒரு வார்த்த கேக்கறதில்ல. அப்புறம் பசங்க எதைக் கத்துக்குவாங்க, சொல்லுங்க."

இந்தக் கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். டாக்டரிடம் போனால் மருந்து எழுதாவிட்டாலும் பார்த்ததற்குக் கட்டணம் கொடுக்கிறோம். வக்கீலிடம் யோசனைக்கே கொடுக்கிறோம். மெக்கானிக்கிடம் மட்டும், பாகம் மாற்றினால்தான் கூலி. பிரான்சில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அவர்களுடைய கராஜ் பில்லைப் பார்த்தேன். கோளாறு கண்டறிந்ததற்கு ஒரு வரி, பாகத்துக்கு ஒரு வரி, வேலைக்கு ஒரு வரி என்று தனித்தனியாக இருந்தது. அங்கே எல்லாரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. பார்ப்பதும் வேலைதான் என்று தாளில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஹெட் கேஸ்கட் என்று சொல்பவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகவே இன்னொரு வண்டியின் கதையையும் சொல்கிறேன். குருசுக்குப்பத்தில் என் நண்பர் ஒருவர், பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் சொல்தா. அவருடைய ஃபியட் தண்ணீர் குடித்தது. மூன்று பட்டறைகளில் ரேடியேட்டர் பற்றவைப்பு, மூடி, எல்லா ஹோஸ்களும் என்று 9,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. ஒவ்வொரு தடவையும், "இனிமே வராது" என்ற உறுதி. நடுநடுவே செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை முள் சிவப்புக்குப் போயிருக்கிறது.

அதே பாயிடம் அழைத்துப் போனேன். முள் இறங்கியது, ஆனால் கண்ணாடி வைத்துத் தேடியும் வெளியே ஒரு துளி இல்லை. அப்படியானால் உள்ளே. இனி உள்ளே எங்கே என்று பார்க்க வேண்டும். ஆயில் குச்சியை எடுத்தார். பால் விட்ட காப்பி நிறம் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். இல்லை, ஆயில் சுத்தமாக இருந்தது. அழுத்தத்தை ஏற்றி இரவு முழுக்க அப்படியே விட்டார். காலையில் நான்கு பிளக்குகளையும் கழற்றினார். மூன்றில் வழக்கமான பழுப்புப் படிவு. ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல் பளிச்சென்று இருந்தது. பிளக் இல்லாமல் இன்ஜினைச் சுற்றியபோது அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. இதற்குப் பிறகு ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்க என் நண்பருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. கண்ணால் பார்த்துவிட்டாரே!

அந்த இன்ஜினில் கீழே பிளாக் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டு தடவை முள் சிவப்புக்குப் போனதில் ஹெட் வளைந்திருந்தது. நேர்விளிம்புப் பட்டையை வைத்து, இடுக்கில் மெல்லிய தகடு விட்டு அளந்து காட்டினார். லேத் பட்டறையில் ஃபேசிங் செய்து, புது கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக, அளவு காட்டும் ஸ்பேனரால் முறுக்கினார்கள். செலவு பெரிதுதான். ஆனால் தண்ணீர் குறைய ஆரம்பித்த முதல் மாதமே ஒருவர் உட்கார்ந்து பார்த்திருந்தால், அந்த 9,000 மிச்சம். ஒருவேளை ஹெட்டும் வளையாமல், கேஸ்கட்டோடு போயிருக்கும்.

சரிசெய்த பிறகு நிரப்புவதிலும் கவனம் வேண்டும். நம் கடலோர ஊரில் போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே காறை படியும், அலுமினியம் அரிக்கும். உப்பு நீக்கிய தண்ணீரும் கூலண்டும், டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி கலந்து ஊற்றுவதே சரி. இங்கே உறைபனி ஏது, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துருப்பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைகள்தான். ஹீட்டரைத் திறந்து வைத்து, ஃபேன் சுற்றும் வரை இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஆறியதும் மட்டத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும். பிறகு ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். மட்டம் அசையாத அந்த ஏழு வரிகள்தான் பழுது தீர்ந்ததற்கு அத்தாட்சி.

பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது, இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, பேசாமல் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமே என்று பிள்ளைகள் சொல்வார்கள். போடும் காலம் வந்தால் போடலாம். ஆனால் 400 ரூபாய் ஹோஸ் ஒன்று 22,000 ரூபாய்ச் சீட்டாக எழுதப்பட்டு, அதற்குப் பயந்து ஒரு நல்ல வண்டி எடைக்குப் போவது நியாயமல்ல. நடு ராத்திரியில் மார் வலிக்கிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால், வாசலில் நிற்கும் வண்டியின் மதிப்பு காயலான் கடைத் தராசில் ஏறாது.

காசு வாங்கிக்கொண்டு பார்க்காமலேயே பார்த்தேன் என்று சொல்பவர்களும் இருப்பார்களே என்று கேட்கலாம். இருப்பார்கள். அதற்குத்தான் முதல் விதி. முள் இறங்குவதைக் காட்டச் சொல்லுங்கள். சொட்டைக் காட்டச் சொல்லுங்கள். பிளக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். காட்ட முடியாதவரிடம் ஹெட்டைக் கழற்றக் கொடுக்காதீர்கள். காட்டியவருக்கு, கோளாறு ஒரு கிளாம்ப்போடு முடிந்தாலும், பார்த்த கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். அந்தப் பணம் அவருக்கு மட்டும் போவதில்லை. பக்கத்தில் ஸ்பேனர் பிடித்துக்கொண்டு நிற்கிறானே ஒரு பையன், தேடினாலும் சோறு கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நாளைக்கு நம் வண்டிகளைப் பார்க்கப் போகிறவன் அவன்தான்.